நிறைவேற்று ஜனாதிபதி போனால்: எந்தச் சின்ன முடியாட்சியைப் பார்த்து எழுதலாம்?

இலங்கையில், ஆட்சி அதிகாரத்தை ஜனாதிபதி கையிலேயே வைத்திருக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதியை 1994 முதல் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒழித்தபின் அந்த இடத்தில் என்ன வரும் என்று கேட்டால் மட்டும் மேடையில் சத்தம் குறைந்துவிடும். "பழையபடி பிரதமர் ஆட்சி" என்பார்கள். எந்தப் பழையபடி? பிரதமரை யார் தெரிவார், யார் விலக்குவார், பெயரளவுத் தலைவர் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன நடக்கும், பாராளுமன்றம் கலைந்து கிடக்கும் மாதங்களில் நாட்டை யார் பார்ப்பார்? இந்த நாலு இடத்திலும் அரசியலமைப்பு வாய்திறந்து பேசாவிட்டால், கதிரைக்குப் பெயர் மாற்றியதுதான் மிச்சம்.

மட்டக்களப்பில் நாங்கள் கூடும் வாசகர் வட்டத்தில் இதற்கு ஒரு முன்மொழிவு எழுதுவதென்று தீர்மானமானது. அலங்காரத் தலைவரும் அதிகாரமுள்ள பிரதமரும் சேர்ந்திருந்து பழகிய நாடுகளைப் பார்ப்போம், அவற்றுள் பல சின்ன முடியாட்சிகள் என்று நான் சொன்னதும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் சிரித்துவிட்டார். "கண்டி ராசாவைத் திரும்பக் கூட்டி வரப்போறீங்களோ, தம்பி?"

ராசா வேண்டாம் ஐயா, ராசாவுக்குப் போட்டு வைத்திருக்கும் விதிகள்தான் வேண்டும். அதுவுமல்லாமல், 1948 பெப்ரவரி 4 முதல் 1972 மே 22 வரை நாமே அப்படியொரு முடியாட்சிக்குள்தான் இருந்தோம். முடி லண்டனில், அதன் பிரதிநிதியான மகாதேசாதிபதி கொழும்பில். அந்த இருபத்து நாலு வருடத்தை மறந்துவிட்டுத்தான் "பழையபடி" என்று சுலபமாகச் சொல்கிறோம்.

அளவும் ஒரு காரணம். லக்சம்பேர்க்கின் பரப்பு 2,586 சதுர கிலோமீற்றர். மட்டக்களப்பு மாவட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. லிக்டன்ஸ்டைன் வெறும் 160 சதுர கிலோமீற்றர். அங்கே இருப்பவர்கள் ஏறத்தாழ 40,000 பேர், காத்தான்குடிச் சனத்தொகை அளவு. பூட்டான் பரப்பில் இலங்கையில் பாதிக்கு மேல் வரும், ஆனால் மக்கள் எட்டு இலட்சத்துக்கும் குறைவு. இந்த அளவுள்ள இடத்தில் அமைச்சரின் தாய்மாமன் யாரென்பதுகூட ஊருக்குத் தெரியும். ஊர் பார்ப்பதும் ஆள் பார்ப்பதும் அங்கேயும் உண்டு. அதற்கு அவர்கள் என்ன கட்டுப்பாடு வைத்தார்கள் என்பது கிழக்கு மாகாணத்தில் இருக்கும் எங்களுக்குப் பயன்படக்கூடிய விஷயம்.

முதலில் எங்கள் பழைய கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த இருபத்து நாலு வருடமும் நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் பிரதமரைத் தெரிவது மகாதேசாதிபதியின் வேலை; பெரும்பான்மை யாரிடம் இருக்கிறது என்பதைப் பிரித்தானிய வழக்கத்தின்படி அவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். 1952 மார்ச் 22 அன்று பிரதமர் டி. எஸ். சேனநாயக்க இறந்தபோது மகாதேசாதிபதி சோல்பரி பிரபு இங்கிலாந்தில் இருந்தார். அவர் திரும்பி வந்து, அனுபவத்தில் மூத்தவரான சேர் ஜோன் கொத்தலாவலையை விட்டு, இறந்தவரின் மகன் டட்லியை அழைத்துப் பதவியேற்க வைத்தார். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் ஒரு நாட்டின் நிறைவேற்று அதிகாரம் யார் கைக்குப் போவதென்பதை ஆளும் கட்சிக் குழுவின் வாக்கெடுப்பு இல்லாமல், வெளியூரிலிருந்து வந்திறங்கிய ஒருவர் தீர்த்துவைத்தார்.

1960 இன்னும் மோசம். மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. டட்லியின் சிறுபான்மை அரசு ஏப்ரலில் சிம்மாசனப் பிரசங்க (அரசின் கொள்கை உரை) வாக்கெடுப்பிலேயே தோற்றது. எதிரணியை அழைத்து ஓர் அரசமைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். தமிழரசுக் கட்சியின் 15 பேருக்கும் அப்போது பேரம் பேசும் பலம் இருந்தது. மகாதேசாதிபதி ஒலிவர் குணதிலக்க அந்த வழிக்குப் போகாமல், தோற்ற பிரதமரின் ஆலோசனையைக் கேட்டுச் சபையைக் கலைத்தார். ஜூலைத் தேர்தலில் வென்ற சுதந்திரக் கட்சியின் சிறிமாவோவுக்குத் தமிழரின் தயவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இந்தத் தெரிவின் விலையை எங்கள் பக்கம் சரியாகக் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆக, எழுதாத வழக்கத்தை நம்பி நடத்தும் முறையை முதலிலேயே தள்ளிவிடலாம்.

இனி லிக்டன்ஸ்டைன். மேலோட்டமாகப் பார்த்தால் எங்கள் வட்டத்தில் பலருக்கும் உடனே பிடித்துப்போனது இதுதான். அரசாங்கம் மொத்தமே ஐந்து பேர்: பிரதமர், துணைப் பிரதமர், மூன்று அமைச்சர்கள். எங்கள் மாகாண சபைக்கும் இதே எண்தான். மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி முதலமைச்சர், அவரோடு நாலு பேருக்கு மேற்படாத அமைச்சர் வாரியம். இலங்கை அமைச்சரவைக்கு 30 என்ற உச்சவரம்பு வைக்கவே இவ்வளவு பாடுபட்டோம். (2024 செப்டெம்பர் கடைசி முதல் நவம்பர் வரை சில வாரங்கள் மூன்று பேர் கொண்ட அமைச்சரவை நாட்டை நடத்தியது. வானம் இடிந்து விழவில்லை.)

அதைவிட முக்கியம் அந்த ஐந்து பேரையும் எங்கிருந்து எடுப்பதென்ற விதி. அந்த நாட்டில் மேல்நாடு, கீழ்நாடு என இரண்டு வட்டாரம். மேல்நாட்டில் ஆட்கள் கூட. 25 பேர் கொண்ட சபையில் அவர்களுக்கு 15, கீழ்நாட்டுக்கு 10. ஆனால் அரசாங்கத்தில் இரண்டு வட்டாரத்துக்கும் குறைந்தது இரண்டு இடம் அரசியலமைப்பிலேயே உறுதி. ஓர் அமைச்சருக்குப் பதிலாள் நியமித்தாலும் அவரும் அதே வட்டாரத்தவராக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் பழைய கோயில்களில் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஒரு வண்ணக்கர், பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் எனப் பொறுப்பாளர் என்று வைத்த ஏற்பாடு போலத்தான் இது: எண்ணிக்கையில் சிறிய குடியானாலும் கணக்குப் பார்க்கும் இடத்தில் அதற்கும் ஓர் ஆள். கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களில் அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மிச்சம் 2 மேலதிகம். அமைச்சர் வாரியத்தில் மாவட்டத்துக்கு ஒருவர் என்று எங்கேயும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் பேரம்தான், ஒவ்வொரு முறையும் மனக்கசப்புத்தான்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்குதான் சிக்கல். லிக்டன்ஸ்டைனில் அரசாங்கம் இரண்டு பேரின் நம்பிக்கையில் நிற்க வேண்டும்: சபையினதும் இளவரசரதும். இரண்டில் ஒன்று போனாலும் ஆட்சி போய்விடும். சபை பெரும்பான்மையோடு பிரதமர் உட்கார்ந்திருந்தாலும் இளவரசர் நம்பிக்கை இழந்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2003 மார்ச்சில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பு இந்த அதிகாரங்களைக் குறைக்காமல் உறுதிப்படுத்தியது. அப்போது இளவரசர் ஹான்ஸ்-ஆடம், தன் திருத்தம் தோற்றால் வியன்னாவுக்குக் குடிபோய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். மக்கள் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் அவர் பக்கம் வாக்களித்தார்கள். 2004 முதல் அவருடைய மகன் அலோயிஸ் அந்த வேலையைப் பார்க்கிறார்.

சட்டத்துக்கு இளவரசர் ஆறு மாதத்துக்குள் சம்மதம் தராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. 2011இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துவது பற்றி வாக்கெடுப்பு வந்தது. மக்கள் ஆமென்றாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அலோயிஸ் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். முன்மொழிவு சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அவர் வாய்திறக்காமல் இருந்திருந்தால் முடிவு எப்படி வந்திருக்குமோ. வீட்டோவின் பலம் அதைப் பாவிப்பதில் இல்லை, பாவிப்பேன் என்று சொல்வதிலேயே வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த வருடம் அந்த வீட்டோவைக் குறைக்க வைத்த வாக்கெடுப்பிலும் நாலில் மூன்று பங்கினர் வேண்டாமென்றார்கள்.

ஆதரிப்பவர்கள் சொல்லும் பதிலையும் சொல்லிவிட வேண்டும். 1,500 பேர் கையெழுத்திட்டால் இளவரசர்மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரலாம். முடியாட்சியையே வாக்கெடுப்பால் முடித்துவைக்கவும் வழி எழுதியிருக்கிறது. நேர்மையான விதி, மறுக்கவில்லை. ஆனால் ஹேர்பர்ட் வில்லே என்ற நீதிபதியின் கதை என் மனதில் நிற்கிறது. இளவரசரும் சபையும் அரசியலமைப்பின் பொருளில் முரண்பட்டால் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும் என்று அவர் 1995இல் ஒரு விரிவுரையில் சொன்னார். இனி உங்களை எந்தப் பொதுப் பதவிக்கும் நியமிக்கமாட்டேன் என்று இளவரசர் ஹான்ஸ்-ஆடம் அவருக்குக் கடிதம் எழுதினார். அப்படியே செய்தும் காட்டினார். 1999இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது பேச்சுச் சுதந்திர மீறல் என்று தீர்ப்பளித்தது. வங்கியும் செல்வமும் உள்ள, வாழ்க்கைத்தரம் உயர்ந்த நாட்டிலேயே இப்படி. இங்கே நினைத்துப் பார்க்கவும் பயமாயிருக்கிறது.

லக்சம்பேர்க்கில் நேர் எதிரான பாதை. அங்கே 2008 டிசம்பரில் நடந்ததை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகக் கேட்கும். கருணைக்கொலையை அனுமதிக்கும் சட்டமூலம் சபையில் நிறைவேறும் நிலை. மனச்சாட்சி இடம்தராது, இதற்குச் சம்மதம் தரமாட்டேன் என்று அரசத் தலைவரான பெரிய கோமகன் ஆன்றி சொல்லிவிட்டார். அப்போதைய பிரதமர் ஜோன்-குளோட் ஜுங்கர் தனிப்பட்ட முறையில் அந்தச் சட்டத்துக்கு எதிரானவர். அவருடைய கட்சியும் அப்படியே. கோமகனின் மறுப்பைச் சாட்டாக வைத்துச் சட்டத்தைக் கிடப்பில் போட்டிருக்கலாம். அவர் செய்ததோ வேறு. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் கோமகன் சட்டங்களுக்குச் "சம்மதம் அளித்துப் பிரகடனம் செய்கிறார்" என்று இருந்ததில் சம்மதம் என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது பிரகடனம் மட்டும். 2009 மார்ச்சில் திருத்தமும் வந்தது, அதே மாதம் அந்தச் சட்டமும் வந்தது. கோமகன் மனச்சாட்சியைக் காப்பாற்றிக்கொண்டார், சபை தன் அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொண்டது, தெருவில் ஒருவரும் இறங்கவில்லை.

2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசத் தலைவர் தன் கடமைகளைச் செய்யாமல் விட்டால், அரசாங்கத்தின் முன்மொழிவின்மேல், அரச சபை என்ற ஆலோசனை மன்றத்தின் கருத்தைக் கேட்டு, மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அவர் முடிதுறந்ததாகக் கருதலாம். இலங்கையின் 2018 ஒக்டோபர் 26 இரவை நினைத்துக்கொண்டு இந்த விதியை வாசியுங்கள். பெரும்பான்மை உள்ள பிரதமரை விலக்கி இன்னொருவரை நியமித்து, நவம்பரில் பாராளுமன்றத்தையும் கலைத்தார் ஜனாதிபதி. டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்பு சட்டவிரோதம் என்று சொல்லும்வரை ஐம்பது நாள் அளவில் நாட்டுக்கு இரண்டு பிரதமர்.

அரசமைக்கும் விதமும் அங்கே நிதானமானது. 60 பேர் சபையில் தனிக்கட்சிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது. தேர்தல் முடிந்ததும் கோமகன் முதலில் நிலைமையை விசாரித்துச் சொல்ல ஒருவரை நியமிக்கலாம், பிறகு அரசமைக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுப்பார். அந்த ஆள் மற்றக் கட்சிகளோடு இருந்து பேசி, கூட்டு உடன்படிக்கையை எழுதி முடித்த பிறகுதான் பதவியேற்பு. இங்கே பதவியேற்ற பிறகு ஆள் பிடிக்கத் தொடங்குவோம். மற்றது, சபை உறுப்பினர் அமைச்சரானால் ஆசனத்தை விட்டுவிட வேண்டும்; பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார். அமைச்சுப் பதவியைக் காட்டி எம்பிமாரை வாங்கும் வியாபாரத்துக்கு இது ஒரு நல்ல தடை என்று நினைக்கிறேன், முழு மருந்தென்று சொல்லமாட்டேன். குறையும் உண்டு: வட்டாரப் பங்கீடு லிக்டன்ஸ்டைனில் போல எழுத்தில் உறுதியாக இல்லை, கட்சிகளின் பெருந்தன்மையை நம்ப வேண்டும்.

பூட்டானை எங்கள் வட்டத்தில் இளையவர்கள் விரும்பினார்கள். ஆசிய நாடு, 2008இல் நடைமுறைக்கு வந்த புத்தம்புது அரசியலமைப்பு, மன்னரே முன்வந்து தந்தது. அதில் பிரமாதமான விதிகள் இருக்கின்றன: மன்னருக்கு 65 வயதில் ஓய்வு, ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் பிரதமராக முடியாது, ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் அமைச்சராக முடியாது. எனக்கு மிகப் பிடித்தது இடைக்கால அரசாங்கம். சபை கலைந்ததும் பிரதமரும் அமைச்சர்களும் விலக, பிரதம நீதியரசரைத் தலைமை ஆலோசகராகக் கொண்டு 15 நாளுக்குள் ஓர் அரசாங்கம் நியமிக்கப்படும். ஆயுள் 90 நாள். அன்றாட வேலைகள் மட்டும், கொள்கை முடிவு எடுக்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் அரச வாகனமும் நிவாரணப் பொதியும் வேட்பாளரின் படத்தோடு ஊருக்குள் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் பூட்டான் எங்களுக்குச் சரிவராது. முதற்சுற்றில் முன்னுக்கு வரும் இரண்டு கட்சிகள்தான் பொதுத் தேர்தலுக்குப் போகலாம். 47 ஆசனமும் அந்த இருவருக்குள்ளேதான். மொழி, மதம், பிரதேசம் அடிப்படையிலான கட்சிக்கு இடமேயில்லை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வேரூன்றிய எந்தக் கட்சியும் அந்த வாசலைத் தாண்டாது. இந்த அழகான அரசியலமைப்பு வருவதற்கு முன், 1990களில், நேபாளி பேசும் ஒரு இலட்சம் அளவிலான மக்கள் அந்த நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு நேபாள அகதி முகாம்களில் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். மகிழ்ச்சிக் குறியீட்டைப் புகழும்போது இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பசிபிக் தீவு முடியாட்சியான டொங்காவை நீண்ட நேரம் பேசவில்லை. 26 பேர் சபையில் 9 பேர் பிரபுக்கள் தமக்குள் தெரிவுசெய்பவர்கள், அதோடு 2017இல் மன்னர் சபாநாயகரின் ஆலோசனையில் பாராளுமன்றத்தைக் கலைக்க, விலக்கப்பட்ட அதே பிரதமர் தேர்தலில் வென்று திரும்பினார். புதிய அரசுமீது முதல் 18 மாதத்துக்கு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவர முடியாது என்ற விதி மட்டும் குறித்துவைக்க வேண்டியது.

என் வாக்கு லக்சம்பேர்க்குக்கு. அடித்தளம் அதுவாக இருக்கட்டும்: கையெழுத்து மறுக்க முடியாத தலைவர், பதவியேற்குமுன் எழுதி முடிக்கும் கூட்டு உடன்படிக்கை. அதன்மேல் லிக்டன்ஸ்டைனின் வட்டார உறுதிப்பாட்டையும், பூட்டானின் இடைக்கால அரசாங்கத்தையும் எடுத்துவைக்கலாம். விதிகள் அப்படித் தனித்தனியே பெயர்ந்து வருமா என்று கேட்பீர்கள். இடைக்கால அரசாங்கத்தில் எனக்கும் கொஞ்சம் தயக்கம் உண்டு, பிரதம நீதியரசரை அரசியலுக்குள் இழுத்துவிடுமோ என்று. வட்டாரப் பங்கீட்டில் தயக்கமே இல்லை.

கூட்டத்தில் வலுவான எதிர்ப்பு உயர்தர மாணவி ஒருத்தியிடமிருந்து வந்தது. "சேர், தலைவருக்கு மறுக்கிற அதிகாரமே இல்லையெண்டா, பெரும்பான்மை எங்களுக்கு எதிரா ஒரு சட்டம் கொண்டு வந்தா யார் நிப்பாட்டுறது?" நியாயமான கேள்வி. ஆனால் மறுக்கும் அதிகாரம் ஏட்டில் இருந்த காலத்தில் என்ன நடந்தது? 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்கும், 1956இல் தனிச்சிங்களச் சட்டத்துக்கும் மகாதேசாதிபதி சம்மதம் கொடுத்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுத்திருந்தும் கையெழுத்து நிற்கவில்லை. கொஞ்சமாவது தடுத்துப் பார்த்தது நீதிமன்றம். கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் போட்ட வழக்கில் 1964இல் மாவட்ட நீதிமன்றம் அந்த மொழிச் சட்டம் செல்லாது என்றது. மேல்முறையீட்டில் அது புரண்டது. 1969இல் லண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. மூலக் கேள்விக்கு விடை வருமுன் 1972 குடியரசு வந்து 29ஆம் பிரிவையே எடுத்துக்கொண்டு போனது. இன்றைய அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவே முடியாது. லிக்டன்ஸ்டைனின் அரசியலமைப்பு நீதிமன்றம் நிறைவேறிய சட்டத்தை இரத்துச்செய்யலாம். ஆகவே அந்தப் பிள்ளை கேட்ட பாதுகாப்பை நீதிமன்றத்திடம் தேடுவோம், தலைவரின் பேனாவிடம் தேடவேண்டாம். முன்மொழிவில் இதை ஒரு தனிப் பந்தியாகச் சேர்த்தோம்.

இதே அளவுகோலை மாகாண ஆளுநருக்கும் வைத்தாக வேண்டும். ஜனாதிபதி நியமிக்கிறார், அவர் விரும்பும்வரை பதவி. மாகாண சபை இயற்றும் நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில், மூன்று மாவட்ட மக்களுக்கும் தெரிவுசெய்த அமைச்சர் ஒருவர்கூட இல்லாமல் திருகோணமலையிலிருந்து ஆளுநரே மாகாணத்தை நடத்தினார். லிக்டன்ஸ்டைன் இளவரசருக்குக்கூட இந்த வசதி இல்லை. சபையைக் கலைத்தால் குறித்த காலத்துக்குள் தேர்தல் வைத்தாக வேண்டும். பிரதமர் ஆட்சி வேண்டுமென்று கொழும்பைப் பார்த்துக் கேட்பவர்கள் மாகாணத்தில் இருக்கும் இந்தச் சின்ன முடியாட்சியையும் சேர்த்துப் பேசட்டும்.

மிச்சம் இருப்பது, வாரிசு இல்லாத எங்கள் அலங்காரத் தலைவரை யார் தெரிவதென்பது. பாராளுமன்றம் மட்டும் தெரிந்தால் பெரும்பான்மைக் கட்சியின் ஆள்தான் வருவார். 1972இல் பிரதமர் பெயர் குறித்தவரே ஜனாதிபதி ஆனார். பாராளுமன்ற உறுப்பினர்களும் எல்லா மாகாண சபை உறுப்பினர்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு வாக்கால் தெரிய வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்தேன். அதிபர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதல்ல மாகாண சபை இருக்கணுமே தம்பி" என்றார். அந்த வரிக்கு முன்னால், சபையின் காலம் முடிந்து 90 நாளுக்குள் தேர்தல் என்று இன்னொரு வரி சேர்த்தோம்.